பேராதனைப் பூங்காவை ஒரு நாளில் பார்ப்பது எப்படி: மலையகத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

நான் முதல் தடவை பிள்ளைகளைப் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனபோது எல்லாமே பிழையாகத்தான் நடந்தது. 42 பிள்ளைகள், ஒரே பஸ். விடியற்காலை ஐந்து மணிக்குத் தலவாக்கலையில் புறப்பட்டோம். வழியில் ஒரு கோயில், பிறகு கண்டிக்குப் போய் தலதா மாளிகை, வாவிக்கரை, கடைத்தெரு. எல்லாம் முடித்துப் பூங்காவுக்குள் நுழையும்போது பின்னேரம் மூன்று மணி. வெயிலில் வாடிய பிள்ளைகள் புல்வெளியைக் கண்டதும் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். குரூப் போட்டோ எடுத்தோம், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம், பஸ் ஏறிவிட்டோம்.

கம்பளை தாண்டும்போது தரம் 8 பிள்ளை ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டீச்சர், நம்ம தேயிலை மொத மொதல்ல இந்தப் பூங்காவுக்குத்தான் வந்துச்சுன்னு அப்பா சொன்னாரு. அது எந்த எடத்துல டீச்சர்?" என்று கேட்டாள். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுடைய அப்பா தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். அந்தக் கேள்வியை அவள் காலையிலிருந்தே மனதில் வைத்திருந்திருக்கிறாள். கேட்பதற்கு நாங்கள் நேரம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் ஒவ்வொரு வருடமும் போனேன். இப்போது பேரப்பிள்ளைகளோடு போகிறேன். அந்தப் பிள்ளையின் கேள்வியை முன்னால் வைத்து நடக்கிற வழி ஒன்று எனக்குப் பழகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எப்போது போவது, என்ன கொண்டு போவது

அந்த நாளைப் பூங்காவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 147 ஏக்கர் நிலம், மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. தலதா மாளிகைக்கு இன்னொரு நாள் போகலாம்.

ஜனவரி தொடக்கம் மார்ச் வரை நல்ல காலம். வெயில் இருக்கும், மழை குறைவு. ஒக்டோபர், நவம்பரில் பகல் ஒரு மணிக்குமேல் இடியோடு கொட்டும், மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது. ஓகஸ்டில் பெரஹரா கூட்டம். ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும் சனம் அதிகம். வார நாளில் காலை 7.30-க்குக் கதவு திறக்கும்போதே வாசலில் நின்றால் பாதிப் பூங்கா உங்களுக்குத்தான்.

தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா எந்தப் பக்கமிருந்து கண்டி பஸ் ஏறினாலும் பெரும்பாலும் கம்பளை வழியாகப் பேராதனைக்கு வந்துதான் போகும். பேராதனைப் பாலம் தாண்டியதும் பூங்கா வாசல் வந்துவிடும். "பூங்காவடியில் இறக்கிவிடுங்கள்" என்று முன்கூட்டியே நடத்துனரிடம் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ஆறு கிலோமீட்டர் தள்ளிக் கண்டியில்தான் இறங்குவீர்கள். கோச்சியில் வருகிறவர்கள் பேராதனைச் சந்தி நிலையத்தில் இறங்கி ஒரு ஆட்டோ பிடிக்கலாம்.

நம் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவார்கள். தலவாக்கலைக் குளிருக்கு அது சரி. பேராதனை கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டர்கூட உயரமில்லை, ஒன்பது மணிக்கே வியர்க்கும். உள்ளே மெல்லிய சட்டை, தலைக்குத் தொப்பி, ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல். காலுக்குப் பழகிய செருப்பு. சுற்றுலாவுக்கென்று புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுக்காதீர்கள், பத்து மணிக்கெல்லாம் குதிகால் கொப்பளித்துவிடும். ஆளுக்கொரு கொப்பியும் பென்சிலும் கட்டாயம்.

சாப்பாட்டை வாய் மூடிய பைக்குள் வையுங்கள். உள்ளே குரங்குகள் இருக்கின்றன. ரொட்டியும் கட்டசம்பலும் மணந்தால் பையோடு இழுக்கும். வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தக்காரர் கூட வந்தால் அவர்களுக்கான டிக்கெட் நம்முடையதைவிடப் பல மடங்கு, அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு பேட்டரியில் ஓடுகிற சிறு வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கும்.

முதலில் மூக்கு

உள்ளே போனதும் எல்லாரும் ஓர்க்கிட் வீட்டுக்குத்தான் போவார்கள். அங்கே கூட்டம் நிற்கட்டும். நீங்கள் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற வாசனைத் திரவியத் தோட்டத்துக்குப் போங்கள். காலை ஈரத்தில் அந்த இடம் மணக்கிற மாதிரி பிறகு மணக்காது.

மரத்திலிருந்து ஒரு இலையும் பறிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முதலே சொல்லிவிடுங்கள். கீழே விழுந்ததை மட்டும் எடுக்கலாம். கறுவா இலையைக் கசக்கி முகரச் சொல்லுங்கள். பட்டையில் வருகிற மணம் வேறு, இலையில் வருகிறது கராம்பை நினைவுபடுத்தும். இரண்டிலும் இருக்கிற எண்ணெய் வேறு வேறு என்பதைப் பிள்ளை அந்த இடத்திலேயே மூக்கால் படித்துக்கொள்ளும்.

சாதிக்காய் மரத்தடியில் நிதானமாகத் தேடுங்கள். மஞ்சள் நிறத்தில், சின்னத் தோடம்பழம் அளவில், ஒரு பக்கம் வெடித்த காய் ஒன்று கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். வெடிப்புக்குள்ளே கருப்பாகப் பளபளக்கிற கொட்டை. அதன்மேல் இரத்தச் சிவப்பில் வலை பின்னியது போல ஒரு உறை. அந்தச் சிவப்பு வலைதான் காய்ந்தால் சாதிபத்திரி. கொட்டையை உடைத்தால் உள்ளே இருப்பது சாதிக்காய். ஒரே காயில் இரண்டு சரக்கு. மருந்துக் கடையில் காய்ந்து நிறம் மங்கிக் கிடக்கிறதைத்தான் பிள்ளைகள் கண்டிருப்பார்கள், இந்தச் சிவப்பைக் காட்டினால் நம்பமாட்டார்கள். நான் கூட்டிப் போன ஒரு பையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு டீச்சர் பெயின்ட் அடிச்சது?" என்று கேட்டான்.

இங்கே முக்கால் மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு ஓர்க்கிட் வீட்டைப் பத்து நிமிடம் பாருங்கள், போதும்.

பனைக் குடும்பம்

அடுத்தது பனைகள். பூங்காவில் பனை வகை மரங்களை வரிசையாக நட்ட சாலைகள் பல இருக்கின்றன. படம் எடுக்கிறவர்கள் எல்லாம் 1950-ல் நட்ட அரசப் பனைச் சாலையில் நிற்பார்கள். சாம்பல் நிறத்தில் சீமெந்துத் தூண் மாதிரி வழுவழுப்பான மரங்கள், அழகுதான். ஆனால் நீங்கள் பிள்ளைகளை நம்முடைய பனையிடம் கூட்டிப் போங்கள். யாழ்ப்பாணத்துப் பனை, 1887-ல் நட்ட சாலை. மலையில் வளர்கிற பிள்ளை பனையைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கும். பனங்கட்டி சாப்பிட்டிருக்கும், மரத்தைத் தொட்டிருக்காது. அடிமரத்தில் கையை வைத்து அந்தச் சொரசொரப்பை உணரச் சொல்லுங்கள். கறுத்த உடம்பில் பழைய மட்டைகள் விழுந்த தழும்பு வளையம் வளையமாக இருக்கும்.

இங்கேதான் கொப்பியைத் திறக்க வேண்டும். ஒரு விளையாட்டு வைப்பேன். பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் "விசிறி", மறு பக்கம் "இறகு" என்று எழுதச் சொல்வேன். ஓலை விசிறி மாதிரி விரிந்திருக்கிறதா, கோழி இறகு மாதிரி நடு ஈர்க்கின் இரண்டு பக்கமும் பிரிந்திருக்கிறதா? பனை விசிறி. தென்னை இறகு. அரசப் பனை பெயரில் பனை என்றாலும் ஓலை இறகு. இப்படியே போய் இரட்டைத் தேங்காய் மரத்தின் முன்னால் நிறுத்திவிடுவேன்.

இரட்டைத் தேங்காய் சீஷெல்ஸ் தீவுகளுக்கு உரியது. தாவர உலகத்திலேயே மிகப் பெரிய விதை இதனுடையது. இரண்டு தேங்காயை ஒட்டவைத்தது போல இருக்கும், இருபது கிலோவைத் தாண்டுகிற விதைகளும் உண்டு. காய் முற்ற ஆறேழு வருடம் செல்லும். பெயர் தேங்காய் என்பதால் பிள்ளைகள் பார்க்காமலே "இறகு" என்று எழுதிவிடுவார்கள். அண்ணாந்து பாருங்கள் என்று சொல்லவேண்டும். ஓலை விசிறி! தென்னைக்கு இது தூரத்துச் சொந்தம்தான். பனையும் இதுவும் ஒரே பிரிவைச் சேர்ந்தவை. பனையைப் போலவே இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எங்கோ இந்து சமுத்திரத்து நடுவில் வளர்ந்த ஒரு மரம் நம் பனைக்குப் பங்காளி என்று ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கிறபோது அதன் முகத்தைப் பாருங்கள். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் மறுபடி மறுபடி போனேன்.

தாளிப்பனையையும் விடாதீர்கள். அதுவும் விசிறிதான், ஆனால் ஒரு ஓலைக்குக் கீழே ஒரு குடும்பமே மழைக்கு நிற்கலாம். பனையோலையைப் போல இதன் குருத்தோலையிலும் ஏட்டுச் சுவடி எழுதினார்கள். முப்பது வருடத்துக்கு மேல், சிலது எண்பது வருடம் வரைக்கும்கூட வளர்ந்து, ஒரே ஒரு தடவை உச்சியில் பூக்கும். காய்த்து முடிந்ததும் மரம் செத்துப்போகும். பூத்த தாளிப்பனை கண்ணில் பட்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதன் கீழே போய் நில்லுங்கள்.

நாகலிங்கம்

பெரிய மனிதர்கள் நட்ட மரங்கள் வரிசையாக இருக்கிற பகுதி ஒன்று உண்டு. ஒவ்வொரு மரத்தடியிலும் பெயர்ப் பலகை இருக்கும். விண்வெளிக்கு முதலில் போன யூரி ககாரின் 1961-ல் வந்து நட்ட மரமும் இங்கே இருக்கிறது, பையன்களுக்கு அது பிடிக்கும். எனக்கு முக்கியமானது நாகலிங்க மரம். ஐந்தாம் ஜோர்ஜும் மேரியும் 1901-ல் நட்டது. அப்போது அவர் அரசர் ஆகியிருக்கவில்லை.

இந்த மரத்தில் பூவைத் தேடிக் கிளையைப் பார்க்கக் கூடாது. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகத் தொங்குகிற காம்புகளில்தான் பூ வரும். விழுந்த பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்து எல்லாரும் சுற்றி நின்று பாருங்கள். ஆறு இதழ், சதைப்பிடிப்பாக, உள்ளே ரோஜா நிறம். நடுவில் மகரந்தக் கேசரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சேர்ந்து, படம் எடுத்த பாம்பு போல வளைந்து குனிந்து நிற்கும். அந்தப் படத்தின் கீழே வட்டமாக ஒரு சின்ன மேடை, அதன் நடுவில் சூல்முடி. சிவலிங்கத்துக்கு நாகம் குடை பிடிக்கிறது என்று நம் பெரியவர்கள் கண்டது அதைத்தான். சிங்களப் பிள்ளைகள் இதையே சல் மலர் என்று சொல்லிப் புத்தருக்கு வைப்பார்கள். மரமோ தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்தது. பாம்புப் படம் போல வளைந்த கேசரங்கள் தேனீயை இழுக்கத்தான். உண்மையாகக் கருக்கட்டுகிற மகரந்தம் அந்தச் சின்ன மேடையைச் சுற்றி இருக்கிறது. தேனீ இடையில் நுழையும்போது முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: நேர் கீழே நிற்க வேண்டாம். காய் ஒவ்வொன்றும் பீரங்கிக் குண்டு அளவு, பாரமும் அப்படித்தான்.

புல்வெளியில் உட்கார்ந்து சொல்லவேண்டிய கதை

பதினொன்றரை, பன்னிரண்டுக்குப் பெரிய புல்வெளிக்கு வந்துவிடுங்கள். நடுவில் ஜாவா அத்தி நிற்கிறது. ஆலமரத்தின் இனம். கொப்புகள் தரையைத் தொட்டும் தொடாமலும் நாலா பக்கமும் விரிந்து கிடக்க, தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கூடாரம் போட்டது போல இருக்கும். வேர்கள் பாம்பு பாம்பாக நிலத்தின்மேல் ஓடும். நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரியுங்கள். லன்ச் சீட்டையும் மிச்சத்தையும் கட்டிப் பைக்குள் போட்டுவிடுங்கள். பிறகு அந்த தரம் 8 பிள்ளை கேட்ட கேள்விக்கு வாருங்கள்.

1821-ல் அலெக்சாண்டர் மூன் என்பவர் களுத்துறையிலிருந்த பூங்காவை இங்கே மாற்றினார். முன்பு கண்டி அரசர்கள் மாளிகை வைத்திருந்த இடம் இது. வெள்ளைக்காரர் அழகுக்காகப் பூங்கா வைக்கவில்லை. எந்தப் பயிர் இந்த மண்ணில் பிடிக்கும், எது பணம் தரும் என்று நட்டுப் பார்க்கிற இடமாகத்தான் வைத்தார்கள். 1824-ல் சீனத்திலிருந்து வந்த தேயிலைச் செடி இங்கே நடப்பட்டது. 1839-ல் அசாம் தேயிலை கல்கத்தா வழியாக வந்தது. இரண்டையும் அன்றைக்கு யாரும் பெரிதாக எடுக்கவில்லை, ஏனென்றால் அது கோப்பிக் காலம். ஆற்றுக்கு அக்கரையில் தெரிகிறதே கன்னொறுவை, அங்கே ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820-களில் கோப்பி போட்டார். கம்பளைப் பக்கமும் கோப்பி வந்தது. அந்தக் கோப்பிக்காகத்தான் நம் பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காடு வழியாக நடந்து வந்தார்கள். 2023-ல் மலையகம் இருநூறு என்று நாம் நினைவுகூர்ந்தது அந்த நடையைத்தான்.

1869-ல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் தெரிந்தது. அப்போது பேராதனைப் பூங்காவை நடத்தியவர் த்வைட்ஸ். நோய் பிடித்த இலையை அவர் இங்கிலாந்துக்கு அனுப்பினார், அது ஒரு புதுப் பூஞ்சணம் என்று தெரியவந்தது. பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி அழிந்தது. அந்த நோய் தெரிவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே, 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் என்கிற தோட்டத் துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். அவருக்கு முதலில் விதை போனது இந்தப் பூங்காவிலிருந்துதான். கோப்பி போன மலையில் தேயிலை ஏறியது. கோப்பி பறித்த கைகளே கொழுந்து பறிக்கத் தொடங்கின.

இந்தக் கதையை இங்கே உட்கார்ந்து சொன்னால் பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு பிள்ளை, "அப்போ கோப்பி சாகாம இருந்திருந்தா நம்ம அம்மா கோப்பியா டீச்சர் பறிப்பாங்க?" என்று கேட்கும். கதை போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரியும். இன்னொன்றும் சொல்லுங்கள்: கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை இடுப்பளவில் நிற்காது, மரமாக வளரும். கவ்வாத்துக்காரர் வீட்டுப் பிள்ளை கூட்டத்தில் இருந்தால் மீதியை அந்தப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். வெட்டு எந்தச் சாய்வில் விழவேண்டும் என்பது எனக்கு அவர்களிடமிருந்துதான் தெரியும்.

பகலுக்குப் பிறகு

சாப்பிட்ட மயக்கத்தில் தூரம் நடக்க முடியாது. தலையை நிமிர்த்தினால் போதும் என்கிற காட்சி ஒன்று இருக்கிறது. உயர்ந்த மரங்களில் கறுப்புப் பைகள் கட்டித் தொங்கவிட்டது போலத் தெரிவது பழந்தின்னி வௌவால்கள். நூற்றுக்கணக்கில் தொங்கும். வெயில் ஏற ஏற ஒரு சிறகை விரித்துத் தனக்குத் தானே விசிறிக்கொள்ளும். ஐந்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள், நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள்.

பிறகு ஆற்றோரம் இராட்சத மூங்கில். பர்மாப் பக்கத்து இனம், மழைக்காலத்தில் ஒரே நாளில் ஒரு அடி வளரும். கைகோத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இங்கே எனக்கு ஒவ்வொரு தடவையும் மனம் நோகிறது. தண்டு முழுக்கப் பெயர்கள். கத்தியாலும் சாவியாலும் செதுக்கியிருக்கிறார்கள், தமிழிலும் உண்டு. பலா மரத்தில் கீறினால் காலம் போகப் பட்டை மூடிக்கொள்ளும். மூங்கில் மண்ணிலிருந்து வரும்போதே முழுப் பருமனோடுதான் வரும், அதற்குமேல் பருக்காது. அதனால் கீறின காயம் அது பட்டுப்போகும் வரை அப்படியே இருக்கும். இதைச் சொன்ன பிறகு நான் கூட்டிப் போன ஒரு பிள்ளையும் அதில் கை வைத்ததில்லை. காரணம் சொல்லாமல் "தொடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தொங்கு பாலம் திறந்திருந்தால் ஏறலாம். எத்தனை பேர் ஒரே நேரத்தில் என்று காவலாளி சொல்வதைக் கேளுங்கள், நடுவில் நின்று ஆட்டுகிற பையனைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே ஓடுகிற மகாவலியைக் காட்டி, தலவாக்கலைப் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல மறக்காதீர்கள்: நம் ஊர் வழியாகப் போகிற கொத்மலை ஓயா இந்த ஆற்றில்தான் வந்து சேர்கிறது. ஒருமுறை இதைக் கேட்டதும் பிள்ளைகள் எல்லாரும் பாலத்திலிருந்து தண்ணீருக்குக் கை காட்டினார்கள்.

மூன்று மணிக்கு வாசலுக்குத் திரும்பத் தொடங்குங்கள். வந்த வழியில் திரும்பாமல் வேறு பாதையில் வந்தால், கோணிக் கொண்டு நிற்கிற குக் பைன் மரங்களைப் பார்த்துவிட்டு வரலாம். ஹட்டன், தலவாக்கலை பஸ்கள் கண்டியிலேயே நிறைந்துதான் வரும், பூங்கா வாசலில் கைகாட்டினால் நிற்கவே இடம் கிடைக்காது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் கண்டிப் பக்கம் போகிற பஸ் ஒன்றில் ஏறிக் கண்டிக்கே போய், பஸ் ஸ்டாண்டில் சீட் பிடித்து உட்கார்ந்து வாருங்கள். அரை மணித்தியாலம் கூடச் செல்லும். ஆனால் கினிகத்தேனை வரைக்கும் பிள்ளைகள் மடியில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இலை ஒட்டிக்கொண்டு வருவார்கள்.